கப்பல் வயிற்றுத் தண்ணீருக்குக் கணக்கு எங்கே?

கப்பல் கம்பெனிகளுக்குக் கொடுத்த வாய்தா 2024 செப்டம்பர் 8ந் தேதியோடு முடிந்துவிட்டது. பாலஸ்ட் தண்ணீர் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தின்படி, கப்பல்கள் தம் வயிற்றில் சுமந்து வரும் கடல் தண்ணீரைச் சுத்தம் செய்த பிறகே வேறு நாட்டுத் துறைமுகத்தில் இறக்க வேண்டும். யந்திரம் பூட்டியாகிவிட்டது, சர்டிபிகேட் வாங்கியாகிவிட்டது, இனி எங்களை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்பதுதான் இப்போது கம்பெனிகளின் பல்லவி. இதை நாம் ஏற்பதற்கில்லை. யந்திரத்தை ஓட்டுவது யார், அதை எப்போது நிறுத்துகிறார்கள், நிறுத்தச் சொல்வது யார், பிடிபட்டால் தண்டனை யாருக்கு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சர்டிபிகேட்டில் இல்லை.

இது ஏதோ கப்பல்காரர் விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்களைக் கேட்டால் இது யார் விவகாரம் என்று தெரியும். கொசஸ்தலையாற்றின் அடிச்சேற்றில் இன்று ஒரு கறுப்புச் சிப்பி ஜமுக்காளம் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கிறது. மீனவர்கள் அதற்குக் "காக்கா ஆழி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது நம் சிப்பியல்ல. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் கரைகளைச் சேர்ந்தது. இறால் புதையும் சேற்றை அது மூடிவிட்டது. நாட்டு மட்டி வளர இடமில்லை. ஆற்றில் இறங்குகிறவன் காலை அறுக்கிறது, வலையைக் கிழிக்கிறது. அனல் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் போதாதென்று இதுவும் அந்த ஜனங்களின் தலையில் வந்து விழுந்தது. கேரளத்தின் காயல்களிலும் இதே சிப்பி குடியேறியிருக்கிறது.

கடல் கடந்து பல்லாயிரம் மைல் தள்ளியுள்ள சிப்பி தானாக நீந்தி வரவில்லை. கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பாலஸ்ட் தண்ணீரில் குஞ்சுப் பருவத்தில் மிதந்து வந்திருக்கலாம். விஞ்ஞானிகள் இந்த இரண்டு வழிகளைத்தான் சொல்கிறார்கள். இரண்டு வழியும் கப்பல் வழியே.

பாலஸ்ட் என்பது என்ன? சரக்கில்லாத வெறுங்கப்பல் கடலில் ஒழுங்காக நிற்காது. மேலே எழும்பி மிதக்கும். புரொப்பெல்லர் பாதி வெளியே தெரியும். காற்றுக்கு ஒருபக்கமாகச் சாயும். பாய்மரக் காலத்தில் இதற்காகக் கல்லையும் மணலையும் அடியில் கொட்டி ஓட்டினார்கள். இரும்புக் கப்பல் வந்த பிறகு கடல் தண்ணீரே பாரமாயிற்று. பம்பைப் போட்டால் ஏறும், பம்பைப் போட்டால் இறங்கும். விலை கிடையாது; கல் தூக்கக் கூலியும் கிடையாது. பெரிய தாதுக் கப்பல் ஒன்று பல்லாயிரம் டன் தண்ணீரை இப்படிச் சுமந்து போகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 300 கோடி முதல் 500 கோடி டன் வரை இவ்வாறு இடம் மாறுகிறது என்று ஒரு கணக்கு. 1000 கோடி டன் என்று சொல்வோரும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சரக்கை இறக்கும் துறைமுகத்தில் கப்பல் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். சரக்கை ஏற்றும் துறைமுகத்தில் அந்தத் தண்ணீரை இறக்கும். ஆகவே இரும்புத் தாதையும் நிலக்கரியையும் தோண்டித் தோண்டி வெளியே அனுப்புகிற கரைகளில்தான் அந்நியத் தண்ணீர் அதிகமாக வந்து கொட்டுகிறது. தாது போகிறது; அதற்குப் பதிலாக யாரோ ஒருவருடைய துறைமுகத்துச் சாக்கடையும், நுண்ணுயிரும், நண்டுக் குஞ்சும், சிப்பிக் குஞ்சும் வருகின்றன. இந்த வியாபாரத்தில் பின்னதற்கு யாரும் விலைப்பட்டியல் போடுவதில்லை.

விலை என்னவென்று கருங்கடல் மீனவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த சீப்பு ஜெல்லி என்னும் கண்ணாடி போன்ற பிராணி 1980களின் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்தது. நெத்திலி தின்னும் நுண்ணுணவையும் நெத்திலியின் முட்டையையும் அது தின்று தீர்த்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நெத்திலி மீன்பிடிப்பு சரிந்து விழுந்தது. மிதமிஞ்சிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1997ல் அந்த ஜெல்லியையே தின்கிற வேறொரு ஜெல்லி அதே கடலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் தேறியது. அதையும் யாரும் திட்டமிட்டுக் கொண்டுவிடவில்லை. திருடனைப் பிடிக்க இன்னொரு திருடன் தற்செயலாக வந்ததுபோல. வட அமெரிக்காவின் பேரேரிகளில் 1988ல் கண்டுபிடிக்கப்பட்ட வரிச் சிப்பியோ குடிதண்ணீர்க் குழாய்களையே அடைத்தது. 1991ல் தென் அமெரிக்காவில் காலரா பரவியபோது, அங்கிருந்து அமெரிக்க வளைகுடாத் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களின் பாலஸ்ட் தண்ணீரில் அதே காலராக் கிருமி அகப்பட்டது.

வாய்தா மேல் வாய்தா

ஆபத்து தெரிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் கதையின் முக்கிய பாகம். 1988லேயே கனடா சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனத்தில் இந்தப் பிரச்னையைக் கிளப்பியது. 1991ல் வழிகாட்டும் குறிப்புகள் வந்தன, விரும்பினால் பின்பற்றலாம். 1993ல் மறுபடியும் குறிப்புகள், 1997லும் குறிப்புகள். விரும்பினால் செய் என்று முதலாளியிடம் சொன்னால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. கடைசியில் 2004 பிப்ரவரி 13ந் தேதி லண்டனில் ஒப்பந்தம் நிறைவேறிற்று.

அது அமுலுக்கு வர 30 நாடுகள் சேரவேண்டும். உலகக் கப்பல் டன்னேஜில் 35 சதவீதம் அவற்றின் கொடியின் கீழ் இருக்கவேண்டும் என்று ஷரத்து. 30 நாடுகள் சேர்ந்தும் டன்னேஜ் சேரவில்லை. காரணம் விளங்காததல்ல. முதலாளி ஒரு நாட்டில் இருப்பார். கப்பல் வேறொரு நாட்டில் பதிவாகியிருக்கும். மாலுமி மூன்றாவது நாட்டுக்காரர். பனாமா போன்ற ஒரு கொடி வெளியே நின்றால் டன்னேஜ் கணக்கே நொண்டும். 2016 செப்டம்பர் 8ல் பின்லாந்து சேர்ந்தபோது 52 நாடுகளுடன் 35 சதவீதத்தை மயிரிழையில் தாண்டியது. பனாமா அதற்கு அடுத்த மாதம் வந்தது! 2017 செப்டம்பர் 8ல் ஒப்பந்தம் அமுலாயிற்று.

அத்துடன் முடிந்ததா? இல்லை. 2004ல் எழுதிய ஷரத்துப்படி 2016க்குள் எல்லாக் கப்பலும் சுத்திகரிப்பு நிலையை எட்டியிருக்க வேண்டும். 2013ல் அந்தக் கால அட்டவணை தளர்த்தப்பட்டது. 2017 ஜூலையில், அமுலாவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களுக்கு மேலும் இரண்டு வருஷம் தள்ளிக் கொடுத்தார்கள். யந்திரம் பூட்டும் கெடுவை எண்ணெய் மாசு சர்டிபிகேட்டின் ஐந்தாண்டுப் புதுப்பிப்புச் சர்வேயோடு பிணைத்திருந்தார்கள் அல்லவா? ஒப்பந்தம் அமுலாவதற்கு முன்பே அந்தச் சர்வேயை மட்டும் தனியாக முன்கூட்டி நடத்தி, பல கம்பெனிகள் வருஷக்கணக்கில் காலம் சம்பாதித்தன. சட்டப்படி குற்றமில்லை. ஆனால், கெட்டிக்காரத்தனம் எந்தத் திசையில் வேலை செய்தது என்று பாருங்கள்!

1988 முதல் 2024 வரை 36 ஆண்டுகள். "செலவு தாங்காது" என்பதே இத்தனை காலமும் சொன்ன காரணம். யந்திரம் ஒன்றுக்குச் சில லட்சம் டாலர் முதல், பெரிய கப்பலுக்கு 20 லட்சம் டாலரும் அதற்கு மேலும் ஆகும் என்பது மெய்தான். ஒன்றிரண்டு பழைய கப்பல் வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு அது பாரம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2022ம் ஆண்டில் மெர்ஸ்க் என்னும் ஒரே கம்பெனியின் நிகர லாபம் சுமார் 2900 கோடி டாலர். பெருந்தொற்றுக் காலத்தில் சரக்குக் கட்டணத்தை வானுக்கு ஏற்றிச் சம்பாதித்த ஒரு தொழில், தண்ணீர் வடிகட்டக் காசில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. 2012 முதல் தனிச் சட்டம் வைத்திருக்கிறது. அங்கேயும் நீட்டிப்புகள் தாராளமாகக் கொடுத்தார்கள். இருந்தாலும் அந்தத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் அந்நாட்டுக் கடலோரக் காவல்படை அங்கீகரித்த யந்திரத்தைத் தேடி வாங்கிப் பூட்டின. சந்தை கைவிட்டுப் போகும் என்றால் பணம் கிடைக்கிறது என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

யந்திரம் ஓடுகிறதா?

இப்போது யந்திரத்துக்கு வருவோம். ஒப்பந்தம் கேட்கும் அளவு கடுமையானது. இறக்கும் தண்ணீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள உயிர்கள் ஒரு கன மீட்டரில் 10க்குக் குறைவாக இருக்கவேண்டும். 10 முதல் 50 மைக்ரான் வரையுள்ளவை ஒரு மில்லிலிட்டரில் 10க்குக் குறைவு. காலராக் கிருமி 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூட எட்டக்கூடாது. முன்பு நடுக்கடலில், கரையிலிருந்து 200 மைல் தள்ளி, தண்ணீரை மாற்றிக்கொண்டால் போதும் என்றிருந்தது. இனி அது போதாது.

இதைச் சாதிக்க இரண்டு வகை யந்திரங்கள் அதிகமாக வழங்குகின்றன. ஒன்று, வடிகட்டி, புற ஊதா விளக்கின் ஒளியில் ஓடவிடுவது. மற்றொன்று, கடல் தண்ணீரின் உப்பிலிருந்தே மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கிக் கிருமியைக் கொல்வது. இறக்குவதற்கு முன் அந்தக் குளோரினை மருந்து போட்டு முறிக்கவேண்டும். முதல் வகைக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். இரண்டாவதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். ஹூக்ளி ஆற்றிலோ யாங்சி முகத்துவாரத்திலோ போய் நின்றால் தெளிவுமில்லை, போதுமான உப்புமில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, ஒளி சேற்றுக்குள் புகுவதில்லை, ஏறவேண்டிய தண்ணீர் ஏறமாட்டேன் என்கிறது. கம்பெனிகளின் புகார்களில் நாம் ஒப்புக்கொள்ளும் புகார் இது ஒன்றே. கலங்கல் ஆறு கம்பெனியின் குற்றமல்ல.

அப்போது என்ன செய்ய வேண்டும்? யந்திரத்தைத் தவிர்த்து நேரடியாகத் தண்ணீர் ஏற்றுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யக்கூடியது. செய்தால் எழுதி வைக்கவேண்டும். அந்தத் தொட்டிகளை ஆழ்கடலில் மாற்றிக் கழுவி, சுத்திகரித்த தண்ணீரை மறுபடி நிரப்பவேண்டும் என்று 2024 மார்ச்சில் கடல்சார் ஸ்தாபனத்தின் கமிட்டி இடைக்கால வழிகாட்டுதல் கொடுத்தது. நல்ல வழிகாட்டுதல்தான். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், எண்ணெய் வேண்டும், பாதை சற்று விலகவேண்டும். மூன்றுக்கும் கம்பெனி பணம் கொடுக்கவேண்டும்.

துறைமுகத்தில் நடப்பதை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். சரக்கு அசுர வேகத்தில் இறங்குகிறது. இறங்குகிற வேகத்துக்கு ஈடாகத் தண்ணீர் ஏறவேண்டும். இல்லையேல் கப்பலின் உடலில் அழுத்தம் தவறும். வடிகட்டி அடைத்துவிட்டது. வேலையை நிறுத்தச் சொன்னால் வாடகைக்கு எடுத்தவன் மணிக்கணக்கில் நஷ்டம் கேட்பான். அலுவலகத்திலிருந்து டெலிபோன் அலறும். நிறுத்தாமல் யந்திரத்தைத் தாண்டி ஏற்றிவிட்டால், அதைப் புத்தகத்தில் எழுதவேண்டும். எழுதினால் அடுத்த துறைமுகத்தில் கேள்வி வரும். எழுதாவிட்டால் அது பொய்க் கணக்கு. நடு இரவில் இந்த முடிவை எடுப்பது கம்பெனி டைரக்டர் அல்ல. தூக்கம் கெட்டு நிற்கும் ஒரு சீப் ஆபீசர். கையெழுத்து அவருடையது. புத்தகத்தில் தவறு கண்டால் அவமானமும் வேலை பறிபோகும் பயமும் அவருக்கு.

யந்திரம் ஏறியபோது ஆள் ஏறினானா? பெரிய சரக்குக் கப்பலையே இருபது, இருபத்தைந்து பேர் ஓட்டுகிறார்கள். அதே ஆட்கள்தான் வடிகட்டி கழுவவேண்டும், விளக்கு மாற்றவேண்டும், குளோரின் அளக்கும் கருவிக்கு மருந்து தீராமல் பார்க்கவேண்டும், ஒவ்வொரு தொட்டிக்கும் கணக்கு எழுதவேண்டும். 2025 பிப்ரவரி 1 முதல் கணக்குப் புத்தகத்தின் படிவமும் மாறியது. ஓய்வு நேரம் 24 மணியில் 10 மணிக்குக் குறையக்கூடாது என்று மாலுமிகளுக்கான தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. சரக்கு வேலையும் பாலஸ்ட் வேலையும் சேர்ந்து வரும் துறைமுக நாட்களில் அந்தப் பத்து மணி நேரம் எங்கே போகிறது என்று எந்த மாலுமியைக் கேட்டாலும் சொல்வார். தொட்டியின் அடியில் படியும் சேற்றையும் ஒப்பந்தம் அகற்றச் சொல்கிறது. அந்த இருட்டுத் தொட்டிக்குள் துரு பிடிக்கும் இரும்பே பிராணவாயுவைத் தின்றுவிடும். காற்றைச் சோதிக்காமல் ஆளை இறக்கினால், போனவன் திரும்பமாட்டான். காப்பாற்றக் குதித்தவனும் திரும்பமாட்டான். நமது தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் போன பிள்ளைகள் இந்தத் தொட்டிகளில் இறங்குகிறார்கள்.

பரிசோதனை நடக்கும் விதத்தையும் பார்ப்போம். துறைமுக அதிகாரி கப்பலேறியதும் முதலில் பார்ப்பது காகிதம்: சர்டிபிகேட், திட்டம், கணக்குப் புத்தகம். காகிதத்தில் சந்தேகம் வந்தால்தான் பெரும்பாலும் அடுத்த படி. தண்ணீரை எடுத்துச் சோதிப்பது அதற்கும் அப்பால். 2022 ஜூன் 1 முதல், யந்திரம் புதிதாகப் பூட்டும்போது ஒருமுறை தண்ணீரைச் சோதித்துக் காட்டவேண்டும் என்றாயிற்று. அதற்குமுன் பூட்டியவற்றுக்கு அதுவும் கட்டாயமில்லை. யந்திரம் ஐந்து வருஷம் ஓடித் தேய்ந்த பிறகு தண்ணீர் எப்படி இருக்கிறது? 2025 செப்டம்பர் முதல் நவம்பர் வரை பாரிஸ், டோக்கியோ உடன்பாட்டு நாடுகள் பாலஸ்ட் விஷயத்தில் தனிப் பரிசோதனை இயக்கம் நடத்தின. வரவேற்கிறோம். ஆனால் மூன்று மாதத்து இயக்கம் முடிந்ததும் நான்காவது மாதம் கப்பல் ஓடுவது நிற்கிறதா?

நமது சர்க்கார் என்ன செய்தது?

2015 மே மாதத்தில் மத்திய மந்திரிசபை இந்த ஒப்பந்தத்தில் சேர ஒப்புதல் கொடுத்தது. 2024 முடியும்வரை தேசம் சேரவில்லை. விளைவு விசித்திரமானது. ஒப்பந்த நாடுகளுக்குப் போகும் இந்தியக் கப்பல் அங்கே இந்த விதிகளுக்கு அடங்கியே தீரவேண்டும்; சேராத நாட்டுக் கப்பலுக்குச் சலுகை கிடையாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. ஆனால் நம் துறைமுகத்துக்கு வரும் அந்நியக் கப்பலை அதே ஒப்பந்தத்தின் பேரில் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இல்லை. நம் மாலுமி அந்நியன் கரைக்குக் காவல். நம் கரைக்குக் காவல் யார்?

2024ல் தமிழ்நாட்டு நீர்வளத் துறை, எண்ணூரின் சிப்பியை அகற்றத் துறைமுகம் 160 கோடி ரூபாய் தரவேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் கேட்டது. துறைமுகம் தரவேண்டுமா, சர்க்கார் தரவேண்டுமா என்று வழக்காடலாம். சிப்பியைச் சுமந்து வந்த கப்பல் எது என்று இனிமேல் யாராலும் சொல்லமுடியாது. அதன் முதலாளி எந்த நகரத்தில் இருக்கிறாரோ, அவர் பெயர் எந்த வழக்கிலும் வரப்போவதில்லை. வந்து இறங்கிய தண்ணீரை அன்றைக்கே ஒரு புட்டியில் எடுத்து வைத்திருந்தால் கதை வேறு. இறால் தடவும் கைகள் இழந்த கூலிக்கு அந்த 160 கோடியில் ஒரு பைசாவும் பங்கு பேசப்படவில்லை என்றால் அது அக்கிரமம்.

ஆகவே நாம் கேட்பது இது. ஒப்பந்தத்தில் முறைப்படி சேருவதோடு நில்லாமல், பெரிய துறைமுகம் ஒவ்வொன்றிலும் பாலஸ்ட் தண்ணீரைச் சோதிக்கும் கூடம் வேண்டும். காகிதம் சுத்தமாயிருக்கும் கப்பலிலிருந்தும் முன்னறிவிப்பின்றித் தண்ணீர் எடுக்கவேண்டும். முடிவுகளைக் கழிமுகத்து மீனவர் சங்கங்களும் பார்க்கும்படி வெளியிடவேண்டும். ஹால்தியா போன்ற கலங்கல் துறைமுகங்களில் கரையிலேயே சுத்திகரிக்க ஏற்பாடு செய்து, அதன் செலவைக் கப்பல் கட்டணத்தில் சேர்க்கட்டும். தவறு கண்டால் அபராதம் கம்பெனியின் மீது விழவேண்டும். "யந்திரம் ஓடவில்லை, தண்ணீர் இறக்கமாட்டேன்" என்று சொல்லும் ஆபீசரை அடுத்த ஒப்பந்தத்தில் ஒதுக்கும் கம்பெனிக்கு நம் துறைமுகத்தில் தனித் தண்டனை வேண்டும். தொட்டிச் சேறு எடுக்கும் வேலைக்குக் காற்றுச் சோதனைக் கருவியும் போதிய ஆளும் இல்லையென்றால், அந்தக் கப்பல் கயிற்றை அவிழ்க்க அனுமதி தரக்கூடாது.

எண்ணூரில் சிப்பியை அள்ளும் வேலை நடக்கும்போது, அந்த வேலையையும் கூலியையும் முதலில் அந்தக் கழிமுகத்து மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் கொடுக்கவேண்டும். ஆற்றின் அடித்தரை எங்கே எப்படி இருந்தது என்று அவர்கள் காலுக்குத்தான் தெரியும்.